முப்பத்தெட்டு டிகிரி

பயப்படுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனைவரை போனவன் திரும்பி வந்து பார்ப்பான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததில் திறந்துகொண்டதோ என்று இன்னொரு தரம் இழுப்பான். கல்யாணமான புதிதில் மனைவி இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். "ஏழு மணிக்குப் போகணும்னா ஆறேமுக்காலுக்குக் கிளம்புங்க. உங்க பூட்டுக்குத் தனியா பதினஞ்சு நிமிஷம்" என்பாள்.

சின்ன வயதில் வீட்டில் பயந்தாங்கொள்ளி என்று பெயர். அம்மாவின் தம்பி மட்டும் அவனைக் கொஞ்சம் மதித்தார். "இவன் இருக்கிற வீட்டுல நாய் வளர்க்க வேண்டாம், அந்தச் செலவு மிச்சம்" என்பார்.

படித்து முடித்ததும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஒன்பது வருஷம். பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தே என்ன போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். வெந்த பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை, ஊதிப்போன கபாசிட்டருக்கு ஒரு வாசனை. கடைக்காரர் அவனை வாடிக்கையாளர் முன்னால் விடமாட்டார். "இது இன்னும் எத்தனை நாள் வரும்?" என்று யாராவது கேட்டால், "சொல்ல முடியாதுங்க, இன்னைக்குக்கூடப் போகலாம்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவான்.

அங்கிருந்துதான் புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவுக்கு வந்தான். இருபது கணினிகள் அவன் பொறுப்பு. பத்தொன்பது சாதாரணப் பெட்டிகள். இருபதாவதைத் திட்டப்பெட்டி என்பார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர், எத்தனை நாள் என்று கணக்கிட்டுச் சேமித்து வைப்பது அதில்தான். ஒரு திட்டம் தயாராக மூன்று நாள் ஆகும். அது இல்லாமல் யாரையும் சிகிச்சை மேசையில் படுக்க வைக்க முடியாது.

வந்த முதல் வாரத்தில் யாரும் சொல்லாமலே ஒரு வேலை செய்தான். இருபது பெட்டிகளிலும் கண்காணிப்பு மென்பொருள் ஏற்றினான். பெட்டிக்குள் இருக்கும் சென்சார்கள் சொல்லும் சூடு, மின்விசிறியின் வேகம், மின்னழுத்தம் எல்லாம் அவன் மேசைத் திரையில் வரிசையாக வந்து நிற்கும். அளவுக்குள் இருந்தால் பச்சை. தொண்ணூறைத் தாண்டினால் சிவப்பாகிக் கத்தும். இருபது பூட்டுகளையும் உட்கார்ந்த இடத்திலேயே இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இத்தனை காலம் சும்மா பயந்துகொண்டிருந்தவனுக்கு இப்போது அதற்கே சம்பளம்.

மூன்றாவது வாரம் திட்டப்பெட்டி நூற்று இருபத்தேழு டிகிரி காட்டியது. அவன் நடைவழியில் ஓடினான். சக்கர நாற்காலி ஒன்றை இடித்துக்கொண்டு ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினான். உள்ளே அரைநாள் போட்ட வேலை சேமிக்காமல் கிடந்தது. அது போயிற்று. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் பச்சைத்தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டான். மதர்போர்டில் ஆறு சென்சார்களுக்கு இடம் உண்டு. தயாரித்தவர்கள் நான்கைத்தான் இணைத்திருப்பார்கள். வெறுமனே கிடக்கும் மற்ற இரண்டு இடங்களும் வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஒன்று நூற்று இருபத்தேழு என்னும், இன்னொன்று பனிக்கட்டிக்கும் கீழே அறுபது என்னும். எது இருக்கிறது எது இல்லை என்று மென்பொருளுக்குத் தெரியாது. நாம்தான் சொல்லவேண்டும்.

பெரிய டாக்டர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை என்னைக் கேக்காம ப்ளக்ல கை வச்சேன்னா, அந்த ப்ளக்கோட நீயும் வெளிய போயிடலாம்."

நோயாளிகளை மேசையில் படுக்க வைத்து இயந்திரத்தை ஓட்டுகிறவரை எல்லாரும் மேசைக்காரர் என்பார்கள். பட்டப்பெயர் வைத்தது அவர்தான். மறுநாள் காலை, "வாங்க நூத்தியிருபத்தேழு, இன்னைக்கு வெயில் எப்படி?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதுதான் பெயர். சம்பளப் பட்டியல் எழுதுகிறவர்கூட ஒருமுறை அப்படி எழுதிவிட்டு அடித்தார்.

அவன் உட்கார்ந்து இருபது பெட்டிகளிலும் பொய் சொல்லும் இடங்களைத் தேடிப்பிடித்தான். ஒவ்வொன்றுக்கும் நேராக 'காட்டாதே' என்று குறியிட்டான். மற்றவற்றுக்குப் பெயர் வைத்தான். ப்ராசஸர், போர்டு, டிஸ்க். திரை முழுக்கப் பச்சை. நாலு வருஷம் அப்படியே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கும் பயம் குறைந்தது. வீட்டுப் பூட்டை ஒரே தரம் இழுத்தால் போதும் என்றானது. மனைவி, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

போன மாதம் பெட்டிகளைச் செய்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் உள்நிரலைப் புதுப்பிக்கச் சொல்லி. நோயாளிகள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து இருபதையும் புதுப்பித்தான். எல்லாம் ஒழுங்காகத் திரும்ப எழுந்தன. திரையில் பச்சை. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

பதினோராவது நாள் வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணிக்குக் கணக்கு மேடம் அவன் மேசைக்கு வந்தார். திட்டங்களைத் தயாரிப்பவர் அவர்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். பொறுமை போகும்போது அப்படிச் செய்வார்.

"பன்னெண்டு நிமிஷத்துல முடியுற கணக்கு நாப்பது நிமிஷமா சுத்துது. திங்கட்கிழமையிலேர்ந்தே இப்படித்தான். நீங்க நெட்வொர்க்னு சொன்னீங்க."

"நெட்வொர்க்தான் மேடம், பாத்துக்கிட்டிருக்கேன்."

"தொண்டைக் கேஸ் ஒண்ணு மூணு மணிக்கு முதல் நாள் படுக்கணும். ஏற்கெனவே பத்து நாள் தள்ளிப்போச்சு. அவருக்குள்ள வளர்றது நம்ம நெட்வொர்க்குக்காகக் காத்துக்கிட்டிருக்காது."

அவர் போனதும் அவன் திட்டப்பெட்டியின் வரியைத் திறந்தான். ப்ராசஸர், முப்பத்தெட்டு டிகிரி. பச்சை. மின்விசிறி, ஆயிரத்து இருநூறு சுற்று. பச்சை. ஒன்றுமில்லை என்று மூடப்போனவன், அந்த வாரத்துக் கோட்டுப்படத்தைச் சொடுக்கினான்.

கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது. திங்கள் முப்பத்தெட்டு. செவ்வாய் முப்பத்தெட்டு. பகலும் அதே, கணக்கு ஓடும்போதும் அதே. முந்தின வாரத்தைப் பார்த்தான். புதுப்பித்த அந்த ஞாயிறு மத்தியானம்வரை கோடு மேடும் பள்ளமுமாக வந்தது. அதன்பின் நேராகிவிட்டது.

வேலை செய்கிற எதன் சூடும் ஒரே இடத்தில் நிற்காது. ஏறும், இறங்கும், குறைந்தது ஒரு டிகிரியாவது தடுமாறும். பதினோரு நாளாக அசையாமல் நிற்பது சூடு இல்லை. வெற்று இடம். இந்தத் தடவை அதன் வாய்க்கு வந்தது முப்பத்தெட்டு.

என்ன நடந்திருக்கும் என்று அவன் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. புது உள்நிரல் சென்சார்களின் வரிசையை மாற்றிவிட்டது. பஸ்ஸில் எல்லாரும் எழுந்து இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். அவன் இருக்கைகளின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ப்ராசஸர் என்று எழுதிய இருக்கையில் ஆளே இல்லை. அப்படியானால் ப்ராசஸர் எங்கே போய் உட்கார்ந்திருக்கும்?

'காட்டாதே' குறி போட்ட ஆறாவது இடத்தைத் திறந்தான்.

தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றொன்பது.

அசைந்துகொண்டிருந்தது.

நூறைத் தொட்டால் ப்ராசஸர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதுவரை வேகத்தைக் குறைத்துக் குறைத்துச் சமாளிக்கும். கணக்கு நாற்பது நிமிடம் சுற்றுவது அதனால்தான். அந்தப் பெட்டியில் டிஸ்க் இருப்பது ப்ராசஸருக்கு நேர் மேலே. திங்களிலிருந்து அது வெந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமைதோறும் எல்லாத் திட்டங்களையும் வேறொரு பெட்டிக்குப் பிரதியெடுப்பார்கள். சனிக்குப் பிறகு போட்ட ஆறு திட்டங்கள் அந்த டிஸ்க்கைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பெட்டி தானாக அணைந்தால் ஆறும் போகும். ஆறு பேருக்கு மறுபடி மூன்று மூன்று நாள்.

எழுந்தவன் அப்படியே நின்றான். இதுவும் பொய்யாக இருந்தால்? வெற்று இடமும் சில நேரம் தடுமாறும், அதையும் அவன் பார்த்திருக்கிறான். இன்னொரு தடவை ஓடிப்போய், இன்னொரு தடவை குளிர்ந்த பெட்டியின் முன் கையில் ப்ளக்கோடு நின்றால்? பொய்யில்லை என்றால் இன்னும் மோசம். மறைத்து வைத்தது யார் என்று கேட்பார்கள். யாருக்கும் தெரியாமல் குறியை மாற்றிவிட்டு, ஃபேன் போய்விட்டது என்று மட்டும் சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது. மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

ஓடவில்லை. நடந்தான். திட்டப்பெட்டி இருப்பது சிகிச்சை அறைக்குப் பின்னால் ஒரு குறுகிய அறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள். நோயாளிகளின் முகத்துக்கு வார்த்த வலைமுகமூடிகள் எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கும். மூக்கும் வாயும் தெரியும் வெறும் முகங்கள். அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் கை வைத்தான்.

சட்டென்று எடுத்துக்கொண்டான். சுட்டது.

சாவி மேசைக்காரரிடம் இருந்தது. அவர் அடுத்த நோயாளிக்கு மேசைவிரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அலமாரிச் சாவி."

"என்ன நூத்தியிருபத்தேழு, மறுபடியும் ஜுரமா? இந்தத் தடவை எவ்வளவு, இருநூறா?"

"தொண்ணூத்தொம்பது. சாவி குடுங்கண்ணே."

மேசைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. கடையில் ஒன்பது வருஷம் மோந்த வாசனை. பெட்டியின் பக்கத் தகட்டுத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தான். ப்ராசஸர் மேலிருந்த மின்விசிறி நின்றுபோயிருந்தது. அதன் இறக்கைகளில் தூசி அசையாமல் படிந்திருந்தது. பின்பக்கத்து மின்விசிறி மட்டும் சுற்றியது. திரையில் பச்சையாக வந்த ஆயிரத்து இருநூறு அதனுடையது.

அணைக்கலாமா? அணைக்கக் கூடாது என்று கைக்குத் தெரிந்திருந்தது. நாலு நாள் வெந்த டிஸ்க், சுற்றிக்கொண்டிருக்கும்வரை சுற்றும். நிறுத்திக் குளிரவிட்டால் மறுபடி எழாமல் போகும். கடையில் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறான். ஓடவிட்டால் அணையும், அணைத்தால் எழாது. ஓடும்போதே ஆறையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

முதலில் காற்று. நடைவழிக்குப் போனான். காத்திருப்போர் பெஞ்சுகளின் முன்னால் ஒரு டேபிள் ஃபேன் தலையாட்டிக்கொண்டிருந்தது. ப்ளக்கை எடுத்து வயரைச் சுருட்டினான். பெஞ்சில் கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு வயசாளி அதற்கு நேராக முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"ரிப்பேரா தம்பி?" என்றார். குரல் உடைந்து காற்றாக வந்தது.

"இல்லைங்கய்யா. உள்ள கொஞ்சம் தேவைப்படுது."

"எடுத்துக்கப்பா. எனக்கு மூணு மணிக்குக் கூப்பிட்டுடுவாங்க."

அவன் அவரைப் பார்க்காமல் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

காற்று நேராகப் பெட்டிக்குள் அடிக்க, கைபேசியில் திறந்து பெட்டியருகே வைத்திருந்த அந்த ஆறாவது எண் தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. கணக்கு ஓடும்வரை இறங்காது. அவன் கணக்கு மேடத்தின் அறைக்குப் போனான். திரையில் எண்பத்தொரு சதவீதம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், இதை நிறுத்தணும்."

"எதுக்கு? இன்னும் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"இப்பவே நிறுத்தணும். பெட்டி சூடாயிருக்கு."

அவர் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். "காலையில உங்க திரையைப் பாத்தேனே. முப்பத்தெட்டு."

இங்கேதான் ஃபேன் போய்விட்டது, தூசி, பழைய பெட்டி என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பத்து நிமிடம் என்று மனசு எண்ணியது. நூறுக்கு நாலு டிகிரி என்றும் எண்ணியது.

"அது பொய் மேடம். உண்மையான எண்ணை நான்தான் மறைச்சு வச்சிருந்தேன். தெரிஞ்சு செய்யல. இடம் மாறிப்போச்சு. நாலு நாளா வேகுது. சனிக்கிழமைக்கு அப்புறம் போட்ட ஆறும் இதுல மட்டும்தான் இருக்கு."

கணக்கு மேடம் திரைப்பக்கம் திரும்பினார். எண்பத்து மூன்றில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, "உக்காருங்க, எடுங்க" என்றார்.

முதல் திட்டம் நாலு நிமிடத்தில் வேறு பெட்டிக்கு வந்தது. இரண்டாவது ஐந்து. மூன்றாவது பாதியில் நின்று, நின்றதும் இருவரும் மூச்சை நிறுத்த, மறுபடி நகர்ந்தது. மேசைக்காரர் அலமாரி அறையில் அந்தக் கைபேசியைப் பார்த்து எண்ணைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "தொண்ணூத்திரண்டு. தொண்ணூறு. தொண்ணூத்தொண்ணு." கேலி போய்விட்டிருந்தது. நாலாவது வந்தது. ஐந்தாவது வந்தது.

ஆறாவது, படிக்க முடியவில்லை என்றது.

"யாரோடது மேடம்?"

"தொண்டை."

மறுபடி முயன்றான். பதினான்கு சதவீதத்தில் நின்றது. அலமாரி அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது, நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல. டக். டக். மேசைக்காரர் வாசலில் வந்து நின்றார். "தம்பி, உள்ள ஏதோ தட்டுது" என்றார். முதல்முறையாகப் பட்டப்பெயர் இல்லாமல்.

"தெரியும்ணே. ஃபேனை மட்டும் விட்றாதீங்க."

மூன்றாவது முறை அழுத்துவதற்கு முன்னால் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பதினான்கைத் தாண்டியது. நாற்பதில் நின்றது. கணக்கு மேடம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பத்தொன்று. அதன்பிறகு நிற்கவே இல்லை. முடிந்ததும் அவர் கோப்பைத் திறந்து படம் படமாகத் தள்ளிப் பார்த்தார். மூன்று நாள் கையால் வரைந்த கோடுகள் எல்லாம் இருந்தன. வேறு பெட்டியில் திட்ட மென்பொருளை ஏற்றிக் கணக்கை மட்டும் முதலிலிருந்து போடவேண்டும். நாளைக்குத்தான் முடியும்.

பெட்டியை முறைப்படி அணைத்தான். ஆறவிட்டான். மறுபடி போட்டான். டக், டக் என்று இரண்டு முறை தட்டிவிட்டு அடங்கிப்போனது. அதன்பிறகு எழவில்லை.

கணக்கு மேடம் நடைவழிக்குப் போய்ப் பெஞ்சில் இருந்த வயசாளியிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழ நேரமாயிற்று. இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தத் தலையாட்டல் போதுமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

பெரிய டாக்டர் வந்தபோது அவன் தன் மேசையருகே நின்றிருந்தான். மேடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் மறைத்ததையும், பிறகு அதை மறைக்காமல் சொன்னதையும். டாக்டர் கத்தவில்லை. கத்துவார் என்று அவன் தயாராக வைத்திருந்த உடம்பு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"அந்த ஞாயித்துக்கிழமை எத்தனை பெட்டிக்கு இதைச் செஞ்சே?"

"இருபதுக்கும் சார்."

"இருபதுலயும் இப்படி மறைச்சு வச்சிருக்கியா?"

"ஆமா சார்."

"எடு. எல்லாத்தையும் வெளிய காட்டு. எனக்கு முன்னாடியே."

அவன் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து 'காட்டாதே' குறிகளை நீக்கினான். நாலு வருஷம் பச்சையாக இருந்த திரையில் சிவப்பு ஒன்று ஒன்றாக முளைத்தது. நூற்று இருபத்தேழு. நூற்று இருபத்தேழு. அறுபது கீழே. தொண்ணூற்று மூன்று. நூற்று இருபத்தேழு. மென்பொருள் கத்தத் தொடங்கி, ஒரு கத்தலின் மேல் இன்னொன்று ஏறி, அறை முழுக்கச் சத்தமானது. அவன் ஒலியை நிறுத்தக் கை நீட்டினான்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார் டாக்டர். திரையின் பக்கமாகக் குனிந்தார். "இது எல்லாமே பொய்தானே?"

"பெரும்பாலும் பொய்தான் சார்."

"பெரும்பாலும்னா?"

அவன் திரையைப் பார்த்தான். எது அசைகிறது, எது நிற்கிறது என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தான். தொண்ணூற்று மூன்று என்றிருந்தது தொண்ணூற்று நாலு ஆனது. எந்த அறைப் பெட்டி என்று பெயரைப் படித்தான். இழுப்பறையைத் திறந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு நடைவழியில் இறங்கினான். இந்தத் தடவை ஓடினான்.